ஒரே மகன் லோதர்

நவம்பர் 15.

நேற்று எழுதிய பக்கத்தில் ஒரு பிழை. கரண்ட் போய்விட்டதாக எழுதியிருந்தேன். போகவில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பயத்தில் மாற்றி எழுதிவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நான் நர்ஸ். பகலில் சேலத்தில் வேலை. மாலையில் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மளிகை மண்டியின் மாடியில் ஜெர்மன் வகுப்பு. பேச்சுத் தேர்வில் தேறினால்தான் ஜெர்மனியில் வேலை. ஒருமுறை தோற்றாகிவிட்டது. இதுவும் போனால் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

தேர்வில் ஒரு ஜெர்மானியரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். நான் எடுத்தது லோதர் ஹைன்பாக். இறந்துபோன செல்லோ கலைஞர். செல்லோ வயலின் மாதிரிதான், ஆனால் பெரியது. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்கள்.

"பந்து ஆடறவன் எவனையாச்சும் புடிச்சிருந்தா சுளுவா முடிஞ்சிருக்குமில்ல. செத்த கெழவனைக் கட்டீட்டு அழுகறே" என்பாள் மஞ்சுளா. வகுப்புத் தோழி, திருச்செங்கோட்டுக்காரி.

நேற்று வகுப்பு முடிந்து நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். வழக்கம்போல் என் பேச்சைப் போனில் பதிவு செய்து, போட்டுக் கேட்டுப் பிழைகளைக் குறித்தேன்.

"அப்பா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். அம்மா பியானோ. அக்காக்கள் இருவரும் வயலின்." சரி.

"லோதர் ஒரே மகன்."

அந்த இடத்தில்... ர்ர்ர்ம்ம்.

"கீழ லோடு லாரி நிக்கும் புள்ள" என்றாள் மஞ்சுளா.

எட்டிப் பார்த்தேன். லாரி இல்லை.

மறுபடி முதலிலிருந்து பேசினேன். "பதினாறு வயதில் முதல் கச்சேரி. பிறகு நாற்பது ஆண்டுகள்... ஊர் ஊராக... கைதட்டல்..."

ர்ர்ர்ம்ம்...

இம்முறை போனில் இல்லை. அறைக்குள். நாற்காலி அதிர்ந்தது. என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அது இசை இல்லை. வெறுப்பு.

"நிறுத்து புள்ள."

முடியவில்லை. வாய் தானாகச் சொன்னது. "ஒரே மகன்."

இடது கை... நான்கு விரல்களும்... யாரோ நசுக்கினார்கள்.

கத்தினேன்.

சத்தம் நின்றது.

மணி 6.42.

விரல்களின் குறுக்கே ஒரு கோடு. ஊதா நிறம்.

இன்று கனிஷ்கா போன் செய்தாள். எங்களுக்கு முந்தைய வகுப்பு. லோதரின் ஊரிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். நேற்றிரவு அவளிடம்தான் அவரைப் பற்றி விசாரித்திருந்தேன்.

"ஒரே மகன்னு ஆரு சொன்னது? தம்பி ஒருத்தரு இருந்தாரு பிரவீனா. எங்க ஹோம்லதான். சின்ன வயசுல அண்ணனைவிட நல்லா வாசிப்பாராமா. அண்ணங்காரன் பியானோ மூடியை அவரு கைமேல... இடது கை. நாலு வெரலும் போச்சு. அப்புறம் ஊட்டுல அவரு பேச்சையே எடுக்கறதில்லையாமா."

"இப்ப எப்படி இருக்காரு?"

"நேத்து செத்துட்டாரு. மத்தியானம் ரெண்டு பன்னெண்டு. நாந்தான் நேரங் குறிச்சேன்."

அங்கே 2.12 என்றால் இங்கே 6.42.

தலைப்பை மாற்றித் தரச் சொல்லி ஆசிரியர் தனசேகரிடம் கேட்டேன். "தலைப்பெல்லாம் அனுப்பியாச்சுங்கம்மா. இனி மாத்த முடியாதுங்க."

நாளை காலை 10 மணி: பேச்சுத் தேர்வு. தம்பியின் பெயர் எமில், கனிஷ்காவிடம் கேட்டுக்கொண்டேன். முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.