ஐந்தாவது ஆளாக வாசலில் நின்றேன்

சபையாருக்கு என் ஸ்தோத்திரம். எழுந்து நின்று சாட்சி சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதிக் கொடுக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) இருபத்திரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். சென்ற மார்ச் மாதம் அதை மூடிவிட்டார்கள். ஆறு மாதம் வேலையில்லை. நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கும் மகள், "படிப்ப நிறுத்திட்டு நான் வேலைக்குப் போறேம்ப்பா" என்றாள்.

நானும் வேலை தேடிப் போகாமல் இல்லை. இரண்டு இடத்தில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். நான் மேசையைப் பார்த்தேன். அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

"வீட்டுல உப்பு வேணும்னாக்கூட சாடை காட்டுறீக. அங்கன போயாவது வாயத் தொறங்க" என்றாள் என் மனைவி.

மூன்றாவதாக, விருதுநகரில் ஒரு பருப்பு மில்லுக்குக் குடோன் சூப்பர்வைசர் வேண்டும் என்று கேள்விப்பட்டோம். கம்ப்யூட்டர் சென்டர் அக்கா பயோடேட்டா அடித்தார். என் இருபத்திரண்டு வருடமும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. "பக்கம் காலியாக் கெடக்கே அண்ணாச்சி" என்று சரளமான ஆங்கிலம், பொழுதுபோக்கு நீச்சல் என்றெல்லாம் போட்டு நிரப்பினார். எங்கள் ஊர்க் கண்மாயில் ஆடுதான் படுத்திருக்கும். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

காலையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இன்று மட்டும் என் வாயைத் திறந்துவிடும்" என்று அழுதேன்.

மில்லில் கூப்பிட்டார்கள். அறைக்குள் முதலாளி, மேனேஜர், இன்னும் இரண்டு பேர். என் கால் வாசலோடு நின்றுவிட்டது.

"வாங்க. ஏன் நிக்கிறீக?" என்றார் முதலாளி.

"உள்ள நாலு பேரு இருக்கீக சார். ஒருத்தர் வெளிய வந்தாத்தான் நான் வர முடியும்."

"யாருய்யா இவரு, நம்மளயே வெளிய போகச் சொல்றாரு!" என்றார் மேனேஜர்.

அப்போதுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. பட்டாசு ஆபீசில் வெடிமருந்து அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, அது பழகிவிட்டது என்று சொன்னேன்.

"அஞ்சாவதா ஒங்க மொதலாளியே வந்தா?" என்றார் முதலாளி.

"ரெண்டு தடவ நிப்பாட்டிருக்கேன் சார்."

"கோவப்படலயா?"

"பட்டாக. வெளிய நின்னு பட்டாக."

முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இம்புட்டு வருசத்துல உங்க அறையில?"

"ஒருத்தர் கையிலயும் ஒரு கொப்புளம் இல்ல சார்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "மேனேஜரே, கொஞ்சம் வெளிய நில்லும். அவரு உள்ள வரட்டும்" என்றார். அரைமணி நேரம் பேசினேன். நான்தான் பேசினேன்! கடைசியில் பயோடேட்டாவைப் பார்த்து, "நீச்சல் தெரியுமா?" என்றார். "தெரியாது சார். இங்கிலீசும் தெரியாது" என்றேன். இரண்டையும் பேனாவால் அடித்துவிட்டு வேலை கொடுத்தார்.

வாயைத் திறக்கக் கேட்டேன். கர்த்தர் முதலில் காலை நிறுத்தினார். அவர் வழி அப்படி. மகள் படிக்கிறாள். நான் இப்போது உப்பை வாய்விட்டுக் கேட்கிறேன்.

வேலை தேடுகிறவர்களே, இல்லாததை எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள். நீங்கள் செய்த வேலையில் ஒன்றை உள்ளபடி சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் கர்த்தரிடம் கேளுங்கள். எனக்கே கொடுத்தவர் உங்களுக்குக் கொடுக்காமல் போவாரா?

நேர்காணலுக்கு மறுநாள் காலை வேலைக்குப் போனேன். மில் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். இங்கே இருப்பது பருப்புதானே, மருந்து இல்லையே என்று உள்ளே போய் உட்கார்ந்தேன்.