சுருவிலில் எண்ணிய குரல்கள்

"பிரிந்துபோன எங்கள் ஜெப ஆலயப் பாடகர்கள் மறுபடி சேர்ந்து பாடிய இசைத்தட்டு இது. ஐந்தாமவனான என் தம்பியும் வந்தானா என்று கேட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை, நீங்கள் கேட்டு எழுதுங்கள்" என்கிறது பம்பாய் யூத நண்பரின் மாசி மாதக் கடிதம்.

இன்று பங்குனி உத்தரத்துக்கு முதல்நாள். சுருவில் கோயில் வீதியில் ஒலிபெருக்கிக்காரர் நடராசா நான் கொடுத்த தட்டைச் சுழலவிடுகிறார். பனையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயை நிறுத்த மறந்துவிட்டதால் எபிரேயப் பாட்டு ஊரெங்கும் கேட்கிறது. கோயில் தர்மகர்த்தா விரைந்து வருகிறார்.

"என்ன பாட்டு இது?"

"யூதரின்ரை தேவாரம்."

"பிள்ளையார் பாட்டுப் போடாமலோ?"

"அது காலமையே போட்டனான், அண்ணை."

"அப்ப நிப்பாட்டாதையும். எத்தினை பேர் பாடுகினம்?"

"வடிவாக் கேளுங்கோ. ஐஞ்சு பேர்."

நானும் விரல் மடக்கி எண்ணுகிறேன். ஐந்தேதான்! எழுதிக்கொள்கிறேன். ஐந்தாவது குரல் தம்பியுடையதுதானா என்பது இன்னும் உறுதியாகவில்லை.