பிலாத்து வேடத்தில் ஒன்பது வருடம்

பாஸ்கா நாடகத்தில், குற்றமில்லை என்று தெரிந்தும் கூட்டத்துக்குப் பயந்து இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவிய ரோம ஆளுநர் பிலாத்துவாக நடிப்பவனுக்குக் கைதட்டல் கிடையாது. அடுத்த வருடமும் அவனையே கூப்பிடுவார்கள் என்ற உத்தரவாதம் மட்டும் உண்டு. காளவாசல் பக்கம் உள்ள எங்கள் கோவிலில் இயேசுவின் பாடுகளைத் தவக்காலம்தோறும் மேடையேற்றுவோம். மிஷன் பள்ளி ஒன்றில் ஹெட் கிளார்க்கான எனக்கு, ஆபீசர் முகம் என்று சொல்லி அந்த வேடத்தைக் கொடுத்தார்கள். மேலிடம் சொன்னதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

தண்ணீர் இல்லாத செம்பு

முதல் வருடம். தீர்ப்புச் சொல்லிக் கை கழுவ வேண்டிய கட்டம். சேவகன் செம்பைச் சரித்தான். ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் பிடிக்க மறந்துவிட்டான். நானும் விடாமல் வெறுங்கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். முன்வரிசையில் இருந்த பூக்காரம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தண்ணியே இல்லாம இம்புட்டு சுத்தமாக் கழுவுறாரே, பழகுன கைதான்!"

ஊதா அங்கி

இயேசுவைக் கேலி செய்யச் சேவகர்கள் போர்த்தும் ஊதா அங்கியை டவுனில் கடை வைத்திருக்கும் காதர் பாய்தான் தைத்தார். கேலிக்குப் போடுவதுதானே, ஓரம் மடிக்காமல் சும்மா ஓட்டிக் கொடுங்கள் என்று அவசரப்படுத்தினேன். பாய் மிஷினை நிறுத்தினார்.

"எங்களுக்கும் அவர் நபிதான் சார். கேலி பண்ணுனவன் பாவம் அவனோட போகட்டும். தையல் கோணுனா என் தலையில விழும்."

காகிதக் குல்லா

ஒன்பதாவது வருடம், எங்கள் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் முன்கூட்டியே வெளியே போய்விட்டது. பீரோச் சாவி அட்டெண்டர் சின்னப்பனிடம் இருந்ததால் பழி அவர் மேல். விசாரணை தொடங்கும் முன்பே, ஸ்டாஃப் ரூமில் ஓர் ஆசிரியர் வினாத்தாளைக் குல்லாவாக மடித்து அவர் தலையில் வைத்தார். சின்னப்பன் அதைக் கழற்றாமலே எல்லோருக்கும் டீ ஊற்றினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைக்க ஒன்றுமில்லை. குல்லா வைத்தவர் டீயை வாங்கிக்கொண்டு சொன்னார்: "சும்மா விளையாட்டுக்குண்ணே, மனசுல வச்சுக்கிடாதீக."

விசாரணை அறிக்கை

விசாரித்தது நான்தான். அதே பீரோவுக்கு இன்னும் இரண்டு சாவிகள் ஆசிரியர்கள் கையில் இருந்தன. சின்னப்பனுக்கு எதிராக ஒன்றும் கிடைக்கவில்லை. தாளாளரிடம் போய்ச் சொன்னேன். பெற்றோர்கள் வாசலில் சத்தம் போடுகிறார்கள், ஒருவரை அனுப்பினால்தான் அடங்குவார்கள் என்றார். "நிர்வாகம் தக்க முடிவெடுக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் சின்னப்பனுக்கு வேலை போனது.

அந்த வருட நாடகம் முடிந்து நான் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சின்னப்பன் மேடைக்குப் பின்னால் வந்தார். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருக்கிறாராம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் குரலில் கோபம் இல்லை.

"நல்லா நடிச்சீக சார். மேடையில ஆண்டவருக்குக் குத்தமில்லைன்னு மூணு தடவ சொன்னீக. எனக்கு ஒரு தடவ எழுதியிருக்கலாம்ல."

'குற்றமில்லை' என்ற வசனம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்தான், மைக் இல்லாத இடத்தில் மட்டும் அது வாயில் வருவதில்லை.