தம்பியை ஒளித்த கோட்டை

யுத்தம் நடந்த காலம். தம்பிக்கு அம்மை போட்டது. அவனுக்கு நாலு வயது, எனக்கு ஒன்பது. தாராவியில் தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் பின்னால் எங்கள் சந்து. அப்பாவுக்கு அந்தக் கொட்டகையில்தான் வேலை.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருக வேண்டும். நாங்கள் செருகவில்லை. வேப்பிலையைக் கண்டால் முனிசிபாலிட்டி ஆட்கள் வண்டியோடு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்கென்று தனி ஆஸ்பத்திரி இருந்தது. போன பிள்ளை திரும்பாது என்று சந்தில் பேச்சு. திரும்பி வந்த இரண்டு பேரை நானே பார்த்திருக்கிறேன். பேச்சு அப்படியும் நிற்கவில்லை.

அதனால் தம்பியைக் கோட்டைக்குள் வைத்தோம்.

கோட்டை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். உப்பங்கழி ஓரம் கறுப்புக் கல்லில் கட்டிய சின்னக் கட்டிடம். அதற்குக் கதவு கிடையாது. கட்டினவன் வைக்கவே இல்லை என்றார்கள். ஏணி போட்டு ஏறித்தான் உள்ளே இறங்க வேண்டும். உள்ளே மாடன் இருக்கிறான் என்பார்கள் எங்கள் ஆட்கள். பீர் என்கிற மகான் அடங்கிய இடம் என்பார்கள் கொட்டகையில் வேலை செய்த முஸ்லிம்கள். தேவி இருக்கிறாள் என்பார்கள் மீன் பிடிக்கிற கோளிகள். சுவரில் வெள்ளைக்காரன் எழுதி வைத்த கல் ஒன்று இருந்தது. அதை எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆகவே அந்த வழக்கில் யாரும் தோற்கவில்லை.

எங்களுக்கு முன்பே அங்கே இரண்டு பிள்ளைகளை ஒளித்திருந்தார்கள். ஒன்று குஜராத்திக் குயவர் வீட்டுப் பெண். இன்னொன்று கொட்டகை முஸ்லிம் ஒருவரின் மகன். மூன்று பேரையும் பார்த்துக்கொண்டது ஒரு கோளிக்காரி. கோட்டைக்குள் வலையும் கருவாடும் போட்டு வைத்திருப்பவள். அவளுக்கு முன்பே அம்மை வந்து முகமெல்லாம் குழி. இனி வராது. மாவ்ஷி என்று கூப்பிடுவோம். அவர்கள் பாஷையில் சித்தி.

அம்மாவுக்கு நிறைமாதம். ஏணி ஏற முடியாது. எனக்கு அம்மை வந்து போய்விட்டதால் தினமும் கஞ்சி கொண்டு போவது என் வேலை. மாவ்ஷி எங்கள் தூக்குவாளியைத் தொட மாட்டாள். கஞ்சியைத் தன் சட்டியில் என்னையே ஊற்றச் சொல்வாள். நாங்கள் தோல்காரர்கள். நானும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை. அவளை எங்கள் வாசல் தாண்டி அம்மா விட்டதில்லை. மீன்காரி.

பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் அம்மாவிடம் வந்தாள்.

“கோளிக்காரி கையிலயா புள்ளயக் குடுத்திருக்க? என்னத்தத் திங்கக் குடுக்காளோ!”

“நீங்க ஏணி ஏறிப் போய்ப் புள்ளயோட இருக்கியளா மைனி? இருக்கேன்னு சொல்லுங்க, அவள இப்பமே போவச் சொல்லிருதேன்.”

அத்தை போய்விட்டாள்.

உள்ளே ஆளுக்கொரு மூலை. முதலில் தம்பிக்கு அடியில் மட்டும் வேப்பிலை, அந்தப் பையன் கையில் மட்டும் தாயத்து. மூன்றாம் நாள் பார்த்தேன். மூன்று பேருக்கும் அடியில் வேப்பிலை, மூன்று கையிலும் தாயத்து. எப்போது மாறியது, யார் மாற்றினார்கள், தெரியாது.

தம்பி கஞ்சி குடிக்கவில்லை. ஏழு நாள் ஆயிற்று. கண் திறக்கவில்லை, கை கயிறு மாதிரி ஆகிவிட்டது. அம்மா தினமும் கேட்பாள். குடித்தான் என்பேன்.

எட்டாம் நாள் ஏணியில் இறங்கும்போதே கருவாடு சுட்ட வாசனை. மாவ்ஷி சோற்றில் சுட்ட கருவாட்டைப் பிசைந்து தம்பி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் தின்றுகொண்டிருந்தான்.

 அம்மை கண்ட வீட்டில் மீன் கூடாது. தாளிக்கக்கூட மாட்டோம். அம்மன் கோபித்தால் பிள்ளை தங்காது. வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தேன்.

“கானே தே ரீ! தேவி குச் நஹி போல்தி,” என்றாள். சாப்பிட விடு, தேவி ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லிவிட்டு அடுத்த வாயை வைத்தாள்.

வீட்டில் சொன்னால் அம்மா அன்றைக்கே தம்பியைத் தூக்கி வரச் சொல்வாள். வந்தால் வண்டி வரும். சொல்லாவிட்டால் அம்மன் இருக்கிறாள். கழியோரம் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு திரும்ப ஏணி ஏறி உள்ளே போய்த் தம்பி வாயை நன்றாகத் துடைத்துவிட்டேன். என் கையையும் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

“ஏட்டி, என்ன சாப்பிட்டான்?”

“கஞ்சிதாம்மா.”

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்றாள்.

அடுத்த பத்து நாளும் அதே கேள்வி, அதே பதில். ராத்திரி படுக்கும்போது அம்மனிடம் மன்னிப்புக் கேட்பேன். தம்பி எழுந்து உட்கார்ந்தான். புண் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. குயவர் வீட்டுப் பெண்ணும் பிழைத்தாள். அந்தப் பையன் பிழைக்கவில்லை.

தம்பிக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா ரேஷன் அரிசியில் அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். முதல் இலை மாவ்ஷிக்கு. அவளை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. சந்து முனையில் நிற்கச் சொல்லி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு தானே நடந்து போய்க் கொடுத்தாள். நானும் தம்பியும் கூடப் போனோம். மாவ்ஷி இலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தம்பி தலையில் கை வைத்தாள். போனாள்.

நான் பின்னாலேயே போனேன். சாப்பிடுவதைப் பார்க்க ஆசை. அவள் தன் குடிசைக்குப் பக்கத்தில் இலையை விரித்து வைத்துக் கோழிகளைக் கூப்பிட்டாள். எல்லாம் ஓடி வந்தன. ஒரு பருக்கை அவள் வாயில் வைக்கவில்லை.

அழுதுகொண்டே வந்து அம்மாவிடம் சொன்னேன். போய்ச் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அவ மீனு நம்ம புள்ள வயித்துல. நம்ம பொங்கலு அவ கோழி வயித்துல. பெறவு என்னட்டி?”

மீன் விஷயம் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் அன்றைக்கு முழுக்க யோசித்தேன். எதற்குச் சிரித்தாள் என்று யோசிக்கவில்லை.