நேர்காணலுக்கு இழவு உடுப்பு

ஹிகாஷி ஒசாகாவில் திருகாணிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு பட்டறையின் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் தொலைபேசி எடுத்தவள் குசுமோத்தோ மிட்சுயே. சாம்பல் நிறத்தில் கையில்லாத கோட்டும் பாவாடையும் கம்பெனியே கொடுத்தது. ஆகவே காலையில் என்ன உடுத்துவது என்ற கவலை அவளுக்கு வந்ததே இல்லை. முதலாளிக்கு வயதாகி, வாரிசும் இல்லாமல், பட்டறையை இழுத்து மூடினார். ஐம்பது வயதில் மிட்சுயே வேலை தேடக் கிளம்பினாள்.

பல் மருத்துவர்களுக்குக் கருவி விற்கும் ஒரு சிறு கம்பெனி நேர்காணலுக்கு அழைத்தது. தொலைபேசியில் பேசிய இளைஞன், "உங்களுக்குச் சௌகரியமான உடுப்புல வாங்க" என்றான்.

அவளுக்குச் சௌகரியமான உடுப்பு, நெஞ்சு முழுக்கப் புலி முகம் போட்ட சட்டை. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வேலை கேட்பது புலிதான் என்று தோன்றியது.

"சௌகரியமா வாங்கன்னு சொன்னா நம்பிடுவியா?" என்றார் டாக்சி ஓட்டும் கணவர் இசாவோ. "வேலை தேடி என் வண்டியில ஏறுற பசங்ககிட்டயும் அப்படித்தான் சொல்றாங்க. எல்லாம் கறுப்புக் கோட்டுலதான் போகுது."

கல்யாணத்துக்கு முன் வாங்கிய கறுப்பு உடுப்பு ஒன்று இருந்தது. பாவாடையின் ஜிப் பாதி வழி ஏறி, இனி உன் பாடு என்று நின்றுவிட்டது.

"துணி சுருங்கிப்போச்சுங்க."

"ஆமா, பாவம். அலமாரிக்குள்ளயே இருந்து இளைச்சுப்போச்சு."

மிச்சமிருந்த ஒரே கறுப்பு, மாமனார் இறந்தபோது வாங்கிய இழவு உடுப்பு. கறுப்பு கறுப்புதானே, யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று அதையே மாட்டினாள். கூடவே இருந்த முத்துமாலையையும், கழுத்து வெறுமையாக இருக்க வேண்டாமே என்று போட்டுக்கொண்டாள்.

ரயிலில்தான் உறைத்தது. வேலை தேடும் பெண்கள் இரண்டு பேர் எதிரே நின்றார்கள். அவர்களுடைய கறுப்பு வெயிலில் லேசாக மினுங்கியது. அவளுடையதோ கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்து, "உக்காருங்கம்மா, மனசைத் தேத்திக்குங்க" என்றார். மறுக்கத் தெரியாமல் மிட்சுயே உட்கார்ந்தாள். இறங்கும்வரை சோகமாக வேறு இருக்க வேண்டியதாயிற்று.

கம்பெனியில் அன்று தொலைபேசியில் பேசிய ஹியூகாவும், தலைவர் நிஷிவாகி அம்மாவும் காத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இருவரும் எழுந்து ஆழக் குனிந்தார்கள்.

"இப்படிப்பட்ட நேரத்துல வந்திருக்கீங்களே," என்றான் ஹியூகா. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னொரு நாள் வச்சிருப்போமே."

நாகோயாவில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் சித்தப்பாவைக் கொன்றுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வியர்வையைத் துடைக்கக் கைப்பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தாள். அதோடு மாமனார் இழவுக்குக் கொண்டுபோன ஜபமாலையும் வந்து மேசைமேல் சடசடவென்று விழுந்தது. மூவரும் அதையே பார்த்தார்கள். அதற்குமேல் சித்தப்பாவைக் கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"யாரும் சாகலைங்க. செத்தது என் பழைய கம்பெனி மட்டும்தான். கறுப்புல என்கிட்ட உருப்படியா இது ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு இருக்கு, அது என்னை உள்ள விடமாட்டேங்குது."

ஹியூகா திகைத்துப்போனான். நிஷிவாகி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணீரே வந்துவிட்டது. மிட்சுயே கைக்குட்டையை நீட்டினாள்.

"கோவமா போன் பண்றவங்களை எப்படிச் சமாளிப்பீங்க?" என்று கண்ணைத் துடைத்தபடியே கேட்டார்.

"முழுசாத் திட்டவிட்டுடுவேங்க. நடுவுல நிறுத்தினா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க."

வேலை கிடைத்தது.

இனி மானம் போகக் கூடாது என்று பெரிய கடைக்குப் போய்க் கருநீலக் கோட்டு ஒன்று வாங்கினாள். முதல் நாள் அதில் விறைப்பாக வந்து நின்றால், ஆபீஸ் முழுக்க டீ-ஷர்ட்டும் ரப்பர் செருப்பும். ஹியூகா அரைக்கால் சட்டையில் இருந்தான். தலைவர் முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று முற்பகலில் கருவி செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து விற்பனையாளர் வந்தார். ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராக மிட்சுயேயிடம் வந்து, இடுப்பு வளையக் குனிந்து, இரு கையாலும் முகவரி அட்டையை நீட்டினார். "தலைவரை நேர்ல சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்."

நான் இன்றைக்கு வந்தவள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் துக்கம் விசாரிப்பதற்கு அல்லாமல் அவளை யாரும் அதுவரை அவ்வளவு தாழக் குனிந்து வணங்கியதில்லை. "வாங்க, வாங்க" என்று அட்டையை வாங்கிக்கொண்டாள். திரும்பினால் தண்ணீர்க் குவளையோடு நிஷிவாகி அம்மா.

காது வரை சூடேற, அவரை ஓரமாக அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் தலைவர் மெதுவாக. "வந்து என் பக்கத்துல உக்காருங்க. வாயைத் திறக்காதீங்க. அவர் விலை சொன்னா 'ம்ம்ம்'னு மட்டும் இழுங்க."

மிட்சுயே இழுத்தாள். அவர் விலையைக் குறைத்தார். உண்மையில் அவளுக்குப் பசி. விற்பனையாளர் கொண்டுவந்த கேக் எப்போது மேசைக்கு வரும் என்ற கவலையில் முகம் தானாகவே கடுகடுத்திருந்தது. அதன்பிறகு யார் விலை பேச வந்தாலும் அவளுக்கு அழைப்பு வரலாயிற்று.

"அப்போ நீதான் இப்ப தலைவரா?" என்று கேட்டார் இசாவோ.

"கோட்டுதாங்க தலைவர். நான் அதை மாட்டி வைக்கிற ஹேங்கர்."

"சரி, ஹேங்கருக்குச் சோறு போடட்டுமா?" என்று எழுந்தார் அவர்.