கியூமர்ஸ் போட்ட முதல் தடம்

கண்ணாடிக் கடை கியூமர்ஸைத் தெரியாதவர்கள் தஜ்ரீஷ் கடைத்தெருவில் கிடையாது. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. ரொட்டிக் கடை வரிசையில் "நீங்க முதல்ல, நீங்க முதல்ல" என்று எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புகிற மனுஷன். ஒருமுறை மாடிவீட்டுக்காரரும் இவரும் லிஃப்ட் வாசலில் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டே நின்றதில், அது கதவைச் சாத்திக்கொண்டு தானாகவே மேலே போய்விட்டது. இருவரும் நான்கு மாடி ஏறினார்கள். ஒவ்வொரு படித் திருப்பத்திலும் மறுபடி உபசாரம்.

இந்த ஊரில் எல்லோருக்கும் உள்ள வியாதிதான். இவருக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது, அவ்வளவே.

அப்படிப்பட்டவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஷெம்ஷாக் மலையில் பனிச்சறுக்கு தொடங்கும் முதல் வெள்ளிக்கிழமை, யார் காலும் படாத புதுப்பனியில் தான் முதல் தடம் போட வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அந்த நாளை அவர் தவறவிட்டதில்லை. முதல் தடம் மட்டும் ஒருதரம்கூடக் கிடைக்கவில்லை. இப்போது வயது ஐம்பத்தெட்டு. அடுத்த மாதம் முழங்காலில் ஆபரேஷன். அதற்கப்புறம் சறுக்குப் பலகையை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மலைக்குப் போகும் வழியில், காருக்குள் இதை உளறிவிட்டார். வண்டி ஓட்டிய இரஜ் பல் வைத்தியர், கல்லூரிக் காலத்துச் சிநேகிதர். சடாரென்று திரும்பிப் பார்த்தார்.

"அடப் பாவி! முப்பத்தொரு வருஷமா இதை மனசுல வச்சுக்கிட்டா எனக்கு வழி விட்டே?"

"ரோட்டைப் பாருங்க," என்றாள் பின்சீட்டிலிருந்த இரஜின் மனைவி மஹ்லகா. "கியூமர்ஸ் அண்ணே, இன்னைக்கு நீங்கதான் முதல். யார் குறுக்க வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

அடிவாரத்தில் சுடச்சுடப் பருப்புக் கஞ்சி குடித்தார்கள். மஹ்லகா முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு போனதில், கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் முதல் இரண்டும் இவர்களுக்கே கிடைத்தன.

உச்சியில் இறங்கிப் பார்த்தால் சரிவு முழுக்க வெள்ளை. ஒரு கீறல் இல்லை. கியூமர்ஸ் சரிவின் விளிம்புக்கு நகர்ந்தார். கோலை ஊன்றினார். பழக்கதோஷம், காலுக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"டாக்டர், நீங்க முதல்ல."

இரஜுக்கும் அதே வியாதியாயிற்றே. காருக்குள் 'நீ' என்று திட்டிய வாய்தான் இப்போது பணிவாகக் குழைந்தது. "ஐயோ, நீங்க இருக்கும்போது நானா? மாட்டவே மாட்டேன்!"

"உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நான் எப்படிப் போறது? மரியாதையா அது?"

"உங்க முதுகைப் பாக்க நான் குடுத்து வச்சிருக்கணும்!"

பின்னால் நாற்காலிகள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தன. "மாமா, நீங்க போறீங்களா, இல்ல நாங்க போகட்டுமா?" என்றான் ஒரு வாலிபன். கியூமர்ஸ் அவன் பக்கம் திரும்பி, "தாரா..." என்று ஆரம்பித்தார்.

"தாராளமா" முழுசாக வெளிவருமுன் மஹ்லகா இரண்டு கையாலும் அவர் முதுகில் ஓங்கித் தள்ளினாள்.

"மன்னிச்சுடுங்க, முதுகைக் காட்டுறேன்!" என்று அலறியபடியே கியூமர்ஸ் சரிவில் பாய்ந்தார். சீசன் தொடக்கம், பனி மெல்லிசு. கல்லொன்று பலகையை உரசியது. பாதி வழியில் பொத்தென்று உட்கார்ந்தே விட்டார். எழுந்தார். அப்புறம் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. கீழே வந்து நின்று திரும்பிப் பார்த்தார்.

கோணல்மாணலாக ஒரே ஒரு தடம். நடுவில் அவர் உட்கார்ந்த பள்ளம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மேலே இரஜும் மஹ்லகாவும் கோல்களைக் குறுக்கே நீட்டி, ஒருவரையும் இறங்க விடாமல் மறித்து நின்றார்கள். கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

"பாத்தாச்சா அண்ணே? இவங்களை விடட்டுமா?" என்று மஹ்லகா மேலிருந்து கூவினாள்.

கியூமர்ஸ் கையை உயர்த்தினார்.

"இருங்க! இன்னும் கொஞ்ச நேரம்!"