தென்னையில் பிழையில்லை

என் தும்மலுக்குப் பக்கத்து வீட்டுத் தென்னைதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னவன் நான். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி மதிலோரம் நிற்கும் அந்த மரம், தனியாக வாழும் ஒரு சிங்கள அம்மாவுடையது. படித்த மனிதன் சொல்கிறான் என்று நம்பிய குடியிருப்பாளர் சங்கம், அவரை நெருக்கி, மரத்தை வெட்டச் சம்மதம் வாங்கியது.

அதன் பிறகுதான் பொரளை ஆய்வுகூடத்தில் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். எந்த மகரந்தத்துக்கு எதிராக என் இரத்தத்தில் ஒவ்வாமையைக் கிளப்பும் பிறபொருளெதிரி இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். தென்னைக்கு எதிராக ஒன்றுமில்லை. புல்லுக்கு எதிராகத்தான் நிறைய இருந்தது. நான் மாலையில் நடக்கும் ரயில் பாதையோரம் முழுக்கப் புல்தான்.

மரம் வெட்ட ஆள் வந்த அன்று, கதிரையைத் தூக்கிப்போய் மரத்தடியில் போட்டு அமர்ந்தேன். சங்கத் தலைவர் ஓடி வந்தார்.

"நீங்கள்தானே ஐயா வெட்டச் சொன்னது?"

"ஓம், நான்தான். பிழையாச் சொல்லிப்போட்டன்."

"சனம் சிரிக்கப்போகுது."

"சிரிக்கட்டும். மூக்கு என்ர, பிழையும் என்ர. மரத்தில கைவைக்க விடமாட்டன்."

வெட்ட வந்தவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாவிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவைச் சாத்தினார். சாத்தட்டும், அது அவர் உரிமை. இனி யார் கோடரியோடு வந்தாலும் அந்தக் கதிரையிலிருந்து என்னை எழுப்பிவிட்டுத்தான் வெட்டவேண்டும்.